பழைய பைபர் ரூஃபை கேம்பர் வேனுக்கு தயார் பண்றப்போ வர்ற கோளாறுகள்: எதுக்கு எங்க கை வைக்கணும்

ஸ்கிராப்ல கிடந்த வேன்ல இருந்து கழட்டின பைபர் ரூஃப் (கண்ணாடி இழையை ரெசின்ங்கிற பசைத் திரவத்துல இறுக வச்சு செஞ்சது) கைக்கு வந்ததும் பட்டி போட்டு பெயின்ட் அடிச்சிடலாம்னுதான் தோணும். தயவுசெஞ்சு அதுல ஆரம்பிக்காதீங்க. நான் சரி பண்ணினதுல திரும்ப கைக்கு வந்த வேலை எல்லாமே ஒரே மாதிரிதான், மேல தெரிஞ்ச விரிசலை அடைச்சிருப்போம், அது ஏன் விரிஞ்சுதுன்னு பார்த்திருக்க மாட்டோம். விரிசல், ஒழுகல், கடகட சத்தம், இதுல பெரும்பாலானது ஷீட் எங்கயோ அசையறதாலதான் வருது. அசைவை நிறுத்தாம மேல எதைப் பூசினாலும் நிக்காது.

வேலைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க. ரூஃபை சோப்புத் தண்ணி விட்டு கழுவி காயவச்சு, ரெண்டு பக்கமும் கை போற உயரத்துல நாலு மூலையும் நடுவும் தாங்குற மாதிரி ஸ்டாண்ட் மேல வையுங்க. ஒரு நாணயத்தை எடுத்து விரற்கடை விட்டு விரற்கடை மொத்த ரூஃபையும் தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு கேட்டா நல்ல இடம். சொத்துனு மந்தமா கேட்டா மார்க்கர்ல வட்டம் போடுங்க. பழைய ஸ்க்ரூ ஓட்டை, விரிசல், உள்பக்கம் ஒட்டு விட்ட இடம் எல்லாத்தையும் ரூஃப் மேலயே குறிச்சு வச்சுக்கங்க.

பழைய சீலண்ட், மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாத்தையும் சால்வென்ட் வச்சு துடைச்சு எடுத்த பிறகுதான் கிரைண்டரை தொடணும். மாத்தி செஞ்சா அந்த மெழுகு, சிலிகான் எல்லாம் தேய்ச்ச கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் மேல எதுவும் பிடிக்காது. தூசிக்கு ஒழுங்கான ஃபில்டர் மாஸ்க், ரெசின் ஆவிக்கு கார்பன் ஃபில்டர் மாஸ்க், கண்ணுக்கு மூடின கண்ணாடி கட்டாயம். பாலியஸ்டர் ரெசின் இறுகுறதுக்குப் போடுற கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், பட்டா உடனே தண்ணியில விடாம கழுவிக்கிட்டே டாக்டர்கிட்ட போகணும். கோபால்ட் ஆக்சிலரேட்டர் (இறுகுறதை வேகப்படுத்துறது) தனியா வர்ற ரெசின்னா அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

மேல தேய்ச்சா வெள்ளைப் பொடி கையில ஒட்டுது

இதுதான் சுலபமான கேஸ். ஜெல்கோட் (பைபரோட வெளிப்பக்க நிறப்பூச்சு) வெயில்ல வெளுத்திருக்கு, அவ்வளவுதான். ஒரு அடி சதுரத்துல 600 நம்பர் தண்ணி பேப்பர் போட்டு தேய்ச்சுப் பாருங்க, கீழ கெட்டியான நிறம் வந்தா 800, 1200னு ஏத்தி காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணிடலாம்.

தேய்க்கும்போது நூல் நூலா கண்ணாடி இழை தெரிஞ்சா ஜெல்கோட் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அங்க பாலிஷ் வேலைக்காகாது, புது டாப்கோட்டோ ரெண்டு பார்ட் பாலியூரித்தேன் பெயின்ட்டோ அடிக்கணும். நிறம் வெள்ளை இல்லைன்னா வெளிர் நிறமா இருக்கட்டும். கருப்பு, கரும்பச்சை எல்லாம் அழகுதான், ஆனா வெயில்ல ரொம்ப சூடேறி ஷீட் இளகும், உள்பக்கம் தாங்கலுக்குப் போடுற ரிப்போட (ஃபோம் மேல இழை போட்டு மூடின குறுக்குப் பட்டை) தடம் வெளிய தெரிய ஆரம்பிச்சிடும்.

விரிசல் இருக்கு

விரிசலோட வடிவத்தைப் பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு.

நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியில இருந்து நாலா பக்கமும் போனா அங்க அடி வாங்கியிருக்கு. உள்பக்கம் போய் அதே இடத்தைத் தட்டுங்க. கணீர்னா ஜெல்கோட்டோட நின்னிருக்கு, விரிசலை வி வடிவத்துல கீறி எடுத்து ஜெல்கோட் பேஸ்ட் வச்சு தேய்ச்சா முடிஞ்சுது. மந்தமா கேட்டா உள்ள இழையும் உடைஞ்சிருக்கு, கீழ சொல்ற மாதிரி சரிவா தேய்ச்சுதான் சரி பண்ணணும்.

பக்கத்து பக்கத்துல இணைகோடு மாதிரி போனா ஷீட் அங்க மடங்கி மடங்கி நிமிருது. இதை மட்டும் தயவுசெஞ்சு மேல அடைக்காதீங்க. கீழ தொய்வு பத்தி சொல்லியிருக்கிற ரிப் வேலையை முடிச்சிட்டு வாங்க.

ஜன்னல், ஸ்கைலைட் ஓட்டையோட மூலையில இருந்து கிளம்பினா அந்த மூலையை கூர்மையா வெட்டியிருக்காங்க. மூலையை குறைஞ்சது 25 மிமீ வளைவு வர்ற மாதிரி தேய்ச்சு, உள்பக்கம் ஓட்டையைச் சுத்தி ரெண்டு லேயர் (ரெசின்ல நனைச்ச கண்ணாடி இழை) போட்டாதான் நிக்கும்.

எவ்வளவு ஆழம்னு தெரியலைன்னா ஒரு துளி மை விட்டு துடைச்சிட்டு மெதுவா தேய்ச்சு இறங்குங்க. மை தடம் ஜெல்கோட்டோட மறைஞ்சா சந்தோஷம். இழைக்குள்ளயும் போனா விரிசல் முடியற நுனியில 3 மிமீ ஓட்டை போட்டு விரிசல் மேற்கொண்டு ஓடாம நிறுத்துங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் சரிவா தேய்ச்சு அதுல லேயர் போட்டு நிரப்பணும். தடிமனுக்கு 12 மடங்கு நீளம் சரிவு, அதாவது 3 மிமீ ஷீட்னா விரிசலுக்கு ரெண்டு பக்கமும் 36 மிமீ. பார்க்க ரொம்ப அகலமா இருக்கேன்னு குறைச்சா ஒட்டு அந்த ஓரத்துலயே விடும்.

ஒரு ரூஃப்ல முன்பக்க மூலையில முடி மாதிரி ஒரே ஒரு கோடு. ஏற்கனவே ரெண்டு தடவை பட்டி போட்டு பெயின்ட் அடிச்ச தடம் இருந்துச்சு. உள்ள இருந்து உள்ளங்கையை வச்சு மேல தள்ளினேன், கோடு வாய் திறந்துச்சு, உள்ள இருந்து ஒரு சொட்டு பழுப்புத் தண்ணி ஊறி வெளிய வந்து நின்னுச்சு, கையை எடுத்ததும் அந்த சொட்டு திரும்ப உள்ளயே போயிடுச்சு. அன்னிலருந்து எந்த விரிசலையும் கையால அழுத்திப் பார்க்காம நான் தொடறதே இல்ல.

தட்டினா மந்தமா கேக்குது, இல்ல உப்பியிருக்கு

சின்ன வட்டம்னா லேயருக்கு நடுவுல காத்து தங்கியிருக்கலாம். ரெண்டு முனையிலயும் 3 மிமீ ஓட்டை போட்டு, ஒரு பக்கம் ஊசியில எபாக்ஸி (இன்னொரு வகை ரெசின்) ஏத்துங்க, மறுபக்கம் வழிஞ்சா நிறைஞ்சுதுன்னு அர்த்தம், பாலித்தீன் ஷீட் போட்டு மேல வெயிட் வையுங்க.

உள்ளங்கையை விட பெரிய வட்டம்னா உள்ள பிளைவுட்டோ பால்சாங்கிற லேசான மரமோ வச்சிருக்காங்களான்னு பாருங்க. உள்பக்கத்துல இருந்து மட்டும், வெளித்தோல் வரைக்கும் போகாம, டிரில் போட்டு பிட்டுல வர்ற பொடியை விரல்ல தேய்ச்சுப் பார்க்கணும். காஞ்ச மஞ்சள் பொடி வந்தா மரம் உயிரோட இருக்கு. கருப்பா ஈரமா உருண்டையா வந்தா மக்கிப்போச்சு, ஊசி போட்டு காப்பாத்த முடியாது, உள்தோலை வெட்டித் திறந்து மக்கினதை சுரண்டிட்டு ஃபோம் வச்சு மூடணும். திறந்த உடனே மூடாதீங்க. பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க, உள்ள வேர்த்திருந்தா இன்னும் காயல.

மந்தமான இடம் ரூஃப்ல மூணுல ஒரு பங்குக்கு மேல பரவியிருந்தா பைபர் படகு வேலை பண்றவங்களைக் கூப்பிட்டு காட்டுங்க. அவங்களும் தலையாட்டினா வேற ரூஃப் தேடுறது நல்லது.

நடுவுல தொய்ஞ்சிருக்கு, அழுத்தினா டப்பு டப்புனு உள்ள போய் வருது

முதல்ல அளந்துடுங்க. குறுக்கால ஒரு நூலை இழுத்துக் கட்டி நடுவுல 10 லிட்டர் தண்ணி கேன் வச்சு எத்தனை மிமீ இறங்குதுன்னு எழுதி வச்சுக்கங்க, வேலை முடிஞ்சப்புறம் திரும்ப இதே சோதனை பண்ணினாதான் பலன் தெரியும்.

செலவு இல்லாத காரணத்துல இருந்து போவோம். பழைய வேன்ல அலமாரி, மர வளைவு எல்லாம் ரூஃபைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கும், கழட்டினப்போ அதுவும் போயிருக்கும். அப்படின்னா ஷீட்ல குறை இல்ல, தாங்கல் மட்டும்தான் இல்ல. அடுத்து, ஏற்கனவே இருக்கிற ரிப்போட ஓரம் ஷீட்ட விட்டு வந்திருக்கான்னு மெல்லிசான பிளேடு விட்டுப் பாருங்க, உள்ள போனா அந்த ஓரத்தை மட்டும் சுரண்டி மறுபடி லேயர் போட்டா போதும். இது ரெண்டும் இல்லைன்னா புது ரிப்தான்.

மொத்த ரூஃபுக்கும் உள்ள ரெண்டு லேயர் போட்டுட்டா கெட்டியாயிடுமேன்னு கேப்பாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அவ்வளவு எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ஒரு லேயர் ரெசினோட சேர்ந்து சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1.5 கிலோ, தடிமன் 1 மிமீ. 6 சதுர மீட்டர் ரூஃபுக்கு ரெண்டு லேயர் 18 கிலோ, அதுவும் வேனோட உச்சந்தலையில. அதே இடத்துல 1.7 மீட்டர் நீளத்துல ஆறு ரிப், ஒவ்வொண்ணுக்கும் மூணு லேயர் போட்டா 11 கிலோ பக்கத்துல முடியும், விறைப்பு அதை விட பல மடங்கு.

ரிப்புக்கு 50 மிமீ அகலம் 30 மிமீ உயரத்துல ஃபோம் பட்டை வெட்டி மேல் ஓரத்தை சாய்வா சீவிடுங்க, கூர்மையான மூலையில மேட் படியாது, காத்து நிக்கும். தெர்மாகோல், நீல நிற இன்சுலேஷன் ஷீட் எல்லாம் பாலிஸ்டைரீன், பாலியஸ்டர் ரெசின் பட்டா கண் முன்னாடியே கரைஞ்சு குழியாயிடும். பாலியஸ்டர் ரெசின்னா பாலியூரித்தேன் இல்ல பிவிசி ஃபோம் வாங்குங்க. கையில இருக்கிறது பாலிஸ்டைரீன்தான்னா எபாக்ஸிக்கு மாறுங்க.

இப்போ முக்கியமான படி. ரிப் போடுறதுக்கு முன்னாடி ரூஃபை கீழ இருந்து முட்டு கொடுத்து அதோட சரியான வளைவுக்கு தூக்கி நிறுத்தணும், நடுவுல ஒரு சில மிமீ கூடவே இருக்கட்டும். தொய்ஞ்ச நிலையிலயே ரிப் போட்டா தொய்வை நிரந்தரமாக்கினதுதான் மிச்சம், மழைத் தண்ணி அங்கயே குட்டையா நிக்கும். உள்பக்கம் 60 இல்ல 80 நம்பர் பேப்பர்ல மினுமினுப்பு போற வரைக்கும் தேய்ங்க. ஃபோமை பேஸ்ட் மாதிரி கெட்டியா கலக்கின ரெசின்ல பதிச்சு, ரெண்டு ஓரத்துலயும் அதே ரெசினை விரலால வழிச்சு வளைவா விடுங்க. அதுக்கு மேல முதல் லேயர் ஷீட் மேல ரெண்டு பக்கமும் 50 மிமீ, அடுத்தது 65, அதுக்கடுத்தது 80னு அகலிச்சுக்கிட்டே போகணும். ரிப்புக்கு ரிப் 400லருந்து 500 மிமீ. ரிப்போட ரெண்டு நுனியையும் கத்தி மாதிரி சரிவா சீவி முடிங்க. மொட்டையா நிறுத்தினா அந்த நுனியிலயே அடுத்த விரிசல் கிளம்பும், கெட்டியான இடமும் மெல்லிசான இடமும் சேர்ற கோட்டுலதான் பைபர் எப்பவும் உடையும்.

உருளை வச்சு நல்லா உருட்டுங்க, வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா அங்க ரெசின் போகல, பளபளன்னு குளமா நின்னா ரெசின் அதிகம். ஒரே நாள்ல மூணு லேயரையும் அடிச்சு முடிக்க ஆசைப்படாதீங்க, மொத்தமா சூடேறி சுருங்கும்போது ரிப்போட கோடு வெளிப்பக்கம் அப்படியே தெரியும். முதல் லேயர் நல்லா இறுகினப்புறம் மறுநாள் அடுத்தது.

சோலார் பேனல் வைக்கப்போறீங்கன்னா இப்பவே முடிவு பண்ணிடுங்க. பேனலோட கால் ரிப் மேல வரணும், அந்த இடத்துல ஃபோமுக்கு பதிலா ரெசின் பூசி மூடின பிளைவுட்டோ அலுமினிய பிளேட்டோ உள்ள வச்சுக்கலாம். ஓடும்போது காத்து பேனலை மேல இழுக்கும், வெறும் ஷீட்ல ஸ்க்ரூ போட்டா பிய்ச்சுக்கிட்டு போயிடும். ரூஃப் மேல ஆள் ஏறி நிக்கணும், படுக்கணும்னு திட்டம் இருந்தா அந்தக் கணக்கை நீங்களா போடாதீங்க, அனுபவமுள்ளவங்ககிட்ட கொடுங்க.

வேன் மேல வச்சா ஒரு மூலை தூக்கிக்கிட்டு நிக்குது

சமமில்லாத தரையில மாசக்கணக்கா கிடந்த ரூஃப் முறுக்கிக்கும். மூலைக்கு மூலை ரெண்டு நூலை பெருக்கல் குறி மாதிரி இழுத்துக் கட்டுங்க, நடுவுல ரெண்டும் தொட்டா முறுக்கு இல்ல, இடைவெளி இருந்தா முறுக்கு. ஆனா அதுக்கு முன்னாடி வேனோட ரூஃப் விளிம்பு மட்டமா இருக்கான்னும் பாருங்க, நசுங்கினது வேனாவும் இருக்கலாம்.

முறுக்கு இருந்தா மட்டமான சட்டத்து மேல வச்சு வெயிட் ஏத்தி நல்ல வெயில்ல சில நாள் விடுங்க, அப்படி நேராக்கின நிலையிலயே ரிப் போடுங்க, ரிப் அந்த வடிவத்தை பிடிச்சுக்கும். மிச்சம் கொஞ்சம் இடைவெளி இருந்தா வேனையே அச்சா வச்சுக்கலாம். வேன் விளிம்புல வழுவழுப்பான பேக்கிங் டேப் ஒட்டி மேல மெழுகு பூசி, ரூஃபோட விளிம்பு அடியில ஈர மேட் ரெண்டு மூணு லேயர் வச்சு இறக்கி உக்கார வச்சிடுங்க, காஞ்சதும் தூக்கினா வேன் வடிவம் அப்படியே படிஞ்சிருக்கும். போல்ட்டை இறுக்கி வலுக்கட்டாயமா கீழ இழுக்கிறது மட்டும் வேண்டாம், அந்த இழுவிசை உள்ளயே இருந்து சீலண்ட்டை உரிச்சிடும்.

உள்ள தண்ணி சொட்டுது

மழை இல்லாத காலையிலயும் ஈரமா? அப்போ அது ஒழுகல் இல்ல, மூச்சுக்காத்தும் சமையல் ஆவியும் குளிர்ந்த ஷீட்ல பட்டு வேர்க்குது. இன்சுலேஷனும் காத்தோட்டமும்தான் மருந்து.

மழையில மட்டும்னா ஹோஸ் எடுங்க. ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், வெளிய இருக்கிறவர் கீழ இருந்து மேல போகணும், முதல்ல விளிம்பு, அப்புறம் ஜன்னல், கடைசியா உச்சி, ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு நிமிஷம். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துக்கும் வழிஞ்சு ஒண்ணும் புரியாது. சொட்டுற இடம் வேற, நுழையற இடம் வேற, ரிப் ஓரமாவே ஓடி ஒரு மீட்டர் தள்ளி சொட்டும்.

சந்தேகப்பட வேண்டிய வரிசை இதுதான்: ஸ்கைலைட் ஓரம், பழைய ஸ்க்ரூ ஓட்டை, அப்புறம் விளிம்பு சீலண்ட். ஸ்க்ரூ ஓட்டையை வெறும் சீலண்ட் வச்சு அடைக்காம பெருசா டிரில் பண்ணி கெட்டி எபாக்ஸி நிரப்பிட்டு, தேவைன்னா நடுவுல புதுசா ஓட்டை போடுங்க. விளிம்புக்கு பாலியூரித்தேன் இல்ல எம்எஸ் பாலிமர் சீலண்ட், 3 மிமீ தடிமன் உள்ள தங்கணும், மொத்தமும் பிதுங்குற அளவுக்கு இறுக்கக்கூடாது. சிலிகான் வேண்டவே வேண்டாம், அது ஒரு தடவை பட்ட இடத்துல அடுத்த தடவை பெயின்ட்டோ ரெசினோ பிடிக்க வைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். ரூஃப் பெயின்ட் கண்ணு கண்ணா குழி விழுந்து நின்னுச்சுன்னா பழைய சிலிகான் மிச்சம் இருக்குன்னுதான் அர்த்தம், சிலிகான் ரிமூவர் போட்டு துடைச்சு திரும்ப முதல்ல இருந்து வரணும்.

போட்ட ரெசின் காயல, இல்ல உரிஞ்சு வருது

மேல மட்டும் பிசுபிசுன்னு, நகத்தால அழுத்தினா உள்ள கல்லு மாதிரி இருந்தா பயப்படாதீங்க. மெழுகு சேர்க்காத பாலியஸ்டர் காத்து படுற இடத்துல அப்படித்தான் நிக்கும், அடுத்த லேயர் போட வசதியும் அதுதான். கடைசி பூச்சு மட்டும் மெழுகு சேர்த்த டாப்கோட்டா இருக்கட்டும்.

நகம் உள்ள இறங்குதுன்னா கேட்டலிஸ்ட் குறைவு, இல்லன்னா குளிர். 1 கிலோ ரெசினுக்கு 10லருந்து 20 கிராம், தராசுல நிறுத்துப் போடுங்க, குத்துமதிப்பு வேண்டாம். 15 டிகிரிக்கு கீழ வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். சூடு காட்டி ஒரு நாள் பாருங்க, அப்புறமும் இளகலா இருந்தா சுரண்டி எடுத்துடுங்க, மேல லேயர் போட்டு மறைச்சா உள்ள எப்பவும் காயாது.

முழு லேயரும் தோல் மாதிரி உரிஞ்சு வந்தா ஒட்டின பக்கத்தைப் பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா தேய்ப்பு பத்தல. எபாக்ஸி மேல பாலியஸ்டர் போட்டிருந்தா காரணம் அதுவேதான், பழைய பாலியஸ்டர் மேல எபாக்ஸி நல்லா பிடிக்கும், தலைகீழா நம்ப முடியாது. எபாக்ஸி மேலயே எபாக்ஸின்னா மறுநாள் மேல படியிற மெழுகு மாதிரி படலத்தை தண்ணியும் ஸ்கிரப்பரும் போட்டு கழுவாம விட்டிருப்பீங்க. எபாக்ஸிக்கு சாதாரண மேட் வாங்காதீங்க, அதுல நூலைப் பிடிச்சு வைக்கிற பசை ஸ்டைரீன்லதான் கரையும். நெசவுத் துணியோ பயாக்ஸியலோ (ரெண்டு திசையில நூல் வச்சுத் தைச்ச இழைத் துணி) வாங்குங்க.

ஓடும்போது கடகடன்னு சத்தம், வேன் பாடி முறுக்குற மாதிரி இருக்கு

முன் விளிம்புல இருந்து விசில் மாதிரி வந்தா டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்க, சத்தம் நின்னா சீலண்ட் இடைவெளிதான். கடகடன்னா உள்ள இருந்து ஒவ்வொரு ரிப்பா அழுத்திக்கிட்டே ஒருத்தர் வரட்டும், எந்த ரிப்பை அழுத்தினா நிக்குதோ அங்க ஓரம் விட்டிருக்கு.

கதவு முன்ன மாதிரி மூடல, கண்ணாடி ஓரத்துல புது விரிசல், வளைவுல திரும்புறப்போ கிரீச்னு சத்தம்னா பைபரை விட்டுடுங்க. வேனோட இரும்பு ரூஃபை வெட்டும்போது குறுக்கு வளைவுங்களையும் சேர்த்து வெட்டியிருக்காங்க, பாடியோட பலம் அங்கதான் இருந்துச்சு, பைபர் ரூஃப் அதை ஈடு கட்டாது. வெட்டின ஓட்டையைச் சுத்தி இரும்புச் சட்டம் வெல்டிங் பண்ணணும், அது வண்டி பாடி கட்டுறவங்க வேலை, ஓட்டுறதை நிறுத்திட்டு அவங்ககிட்ட கொண்டு போங்க. போகும்போது தரையில இருந்து உச்சி வரைக்கும் புது உயரத்தையும், ரூஃபை தனியா எடை போட்ட கணக்கையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, சட்டம் எவ்வளவு தடிமன்னு முடிவு பண்ண அவங்களுக்கும் அது வேணும், வண்டி மாற்றத்துக்கு அனுமதி கேக்குற இடத்துலயும் கேப்பாங்க.